சும்மா நிற்கிறவர்

லிஃப்ட்காரருக்குப் பேய்ப் படம் என்றால் இளக்காரம். தெரிந்தவர்கள் எல்லாம் பயந்து நடுங்கியதாகச் சொன்ன ஒரு தொடரைச் சமீபத்தில் முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு இது: "அந்த வீட்டுக் கதவுக் கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா பேயும் இல்ல, கதையும் இல்ல. எல்லாப் படத்துலயும் அதே கதவு, அதே கிறீச். நம்ம காதுல பூ சுத்துறாங்க."

கேட்டு முடித்து என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்காலம் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். கீழே நின்றபடியே, எந்த மாடிக் கதவின் உருளை தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். சர்க்கரை நோய் கண்ணை வாங்கிக்கொண்டபோது காதை மட்டும் விட்டுவைத்தது. அந்தக் காதை வைத்துக்கொண்டு சினிமாக்காரர்களை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் லிஃப்ட் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ஒரு கயிறு அறுந்ததும் விழுந்துடுமாம். மிச்சக் கயிறெல்லாம் வேடிக்கை பாக்குதா?" என்பார்.

கண்ணுக்குப் பதில் அவருக்கு மனைவியின் குரல் இருந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்ற குரல் அது. சாப்பாடு முடிந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருவரும் அந்தப் பழைய இருவர் சோபாவில் உட்கார்வார்கள். வசனம் இல்லாத இடங்களை அந்த அம்மாள் சொல்லுவாள். "அவ எந்திரிக்கிறா. ஜன்னல்கிட்ட போறா. கடிதத்தை வாங்கிக் கிழிச்சுட்டா." எல்லாம் ஒரே சீராக, வண்டி எத்தனை மணிக்கு எந்த நடைமேடைக்கு வரும் என்பது போல இருக்கும். கொலை நடந்தாலும் குரல் ஏறாது. அந்தக் குரல் இல்லாவிட்டால் தனக்கு உலகமே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் கிடையாது.

சோபாவில் இடப்பக்கம் அவருடையது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் மட்டும், யாராவது உட்கார்ந்தால் ஒரு தரம் முனகும். எழுந்தால் பெருமூச்சு விடும். மாற்றிவிடலாம் என்று மகள் எத்தனையோ முறை சொல்லியும் அவர் பிடிகொடுக்கவில்லை. வீட்டில் தனக்காகக் குரல் கொடுக்கும் இன்னொரு ஆள் என்று சொல்லிவிட்டார்.

நிற்கிறவர் முதலில் வந்தது ஒரு குடும்பத் தொடரில். சொத்துக்காக எல்லோரும் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "பின்னாடி சுவரோரமா ஒருத்தர் நிக்கிறாரு. வேலைக்காரரா இருக்கும்" என்றாள் அந்த அம்மாள். பிறகு கப்பல் கதையிலும் அவர் வந்தார். நீதிமன்றப் படத்திலும் வந்தார். துணை நடிகர்களுக்கு அப்படித்தான், கிடைத்த வேடத்தை எல்லாம் போடுவார்கள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"நல்ல நடிகருங்க. மத்தவங்க மாதிரி கண்ணை உருட்டறதில்ல, கையை ஆட்டறதில்ல. சும்மா நிக்கிறாரு. அதுதான் நடிப்பு."

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளமா? அந்த வேலைய எனக்கு வாங்கிக் குடு."

"உங்களால அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நிக்க முடியுமா?"

இந்த வருடத்தின் சிறந்த நடிகர் சும்மா நிற்கிறவர்தான் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் படம் போட்டாலும், "நம்ம ஆளு வந்துட்டாரா?" என்று அவர் கேட்பார். "வந்துட்டாரு" என்பாள். ஒருநாள் பனிக்கரடிகளைப் பற்றிய ஆவணப்படம் ஓடியது. வேடிக்கைக்காகத்தான் கேட்டார்.

"வந்துட்டாரு" என்றாள்.

"பனியில என்ன பண்றாரு?"

"நிக்கிறாரு. முன்னைவிடக் கொஞ்சம் கிட்ட."

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் 'கிட்ட' காதில் தங்கியது. அதற்கு அடுத்த வாரம் அந்த அம்மாள் இடம் மாறி உட்காரலாம் என்றாள். வலப்பக்கம் ஃபேன் காற்று தனக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர் முணுமுணுத்துக்கொண்டே வலப்பக்கம் நகர்ந்தார். அன்றுமுதல் ஸ்பிரிங் அவளுக்காக முனகியது. அவளும் நிற்கிறவரைப் பற்றிப் பேச்செடுப்பதைக் குறைத்துக்கொண்டாள். "எங்க நிக்கிறாரு?" என்று கேட்டால், "அங்கதான்" என்று மழுப்புவாள்.

மகள் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாட்களில் வந்து அதே டிவியில் வீடியோ கேம் ஆடுவாள். துப்பாக்கி விளையாட்டுகள் லிஃப்ட்காரருக்குப் பிடிக்காது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும் என்பார். ஆனால் ஒரு மீன்பிடி விளையாட்டு இருந்தது. பலகை மேல் நடந்தால் ஒரு சத்தம், மணலில் நடந்தால் வேறு சத்தம். தூண்டில் மிதவை தண்ணீரில் விழும்போது சின்னதாக ஒரு சளக். "இந்த வருஷம் நான் கேட்டதுலயே சுத்தமான வேலை இதுதான். இதைச் செஞ்சவனுக்குக் காது இருக்கு" என்று மனசாரச் சொன்னார். பிறகு வழக்கம்போல, "நம்ம ஆளு வந்துட்டாரா?" என்றார்.

"படகுத் துறையில நிக்கிறாரே" என்றாள் அந்த அம்மாள்.

மகளின் கையிலிருந்த பொத்தான்களின் சத்தம் நின்றது. "யாரும்மா? இந்த கேம்ல ஆளே கிடையாது. நான் மட்டும்தான்."

மகள் சும்மா இருக்கவில்லை. அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அடுத்தது தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டுப் போனாள். லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் புத்தி கலங்குகிறது என்றால், இத்தனை நாள் அவள் சொன்ன உலகத்தில் எது நிஜம்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்றால்?

லிஃப்டுக்குள் கண்ணாடி வைப்பார்கள். ஏறுகிறவர்களுக்கு நேரம் போக வேண்டும் என்பதற்காக. அவர் கையாலேயே எத்தனையோ மாட்டியிருக்கிறார். முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் நிற்பது யார் என்று அதில் தெரியும். டிவித் திரையும் ஒரு கண்ணாடிதானே என்று அவருக்குத் தோன்றியது. ஸ்கேனுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய மதியம், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"டிவிய அணை."

அணைத்தாள். அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"இப்போ இருக்காரா?"

"இருக்காரு. இப்போதான் நல்லாத் தெரியுது."

"திரும்பிப் பாரு."

"எத்தனையோ தடவை பாத்துட்டேங்க. திரும்பினா வெறும் சுவர்தான்."

"திரையில வேற யார் தெரியறாங்க?"

"நீங்க. நான். சோபா."

"அவரு யார் பின்னாடி நிக்கிறாரு?"

புயலடித்து வண்டிகள் எல்லாம் தாமதமான நாட்களில்கூடத் தடுமாறாத குரல், இப்போது வரவே இல்லை. லிஃப்ட்காரர் மேலே பார்ப்பது போல முகத்தைத் தூக்கினார். ஃபேன் நடுக்கூடத்தில்தான் தொங்குகிறது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே காற்றுதான். ஒரு மெக்கானிக்குக்கு இது அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

"என் பின்னாடி நின்னாரு. அதுக்குத்தானே இடம் மாத்தினே?"

"இடப்பக்கம்தான் அவருக்குக் கணக்குன்னு நினைச்சேன்" என்றாள் மெதுவாக. "நான் மாறினதும் என் பின்னாடிதான் நிக்கிறாரு. இப்போ கை என் தோள்கிட்ட இருக்கு. விடுங்க. உங்களுக்குக் கண்ணு தெரியாது, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நீ போயிட்டா மட்டும் எனக்குத் தெரியப்போவுதா?"

கோபம்தான் முதலில் வந்தது அவருக்கு. தன்னைக் கேட்காமல் தனக்காக இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டாளே என்ற கோபம். கையைத் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பலம் கொண்ட மட்டும் இழுத்துத் தன் பக்கத்தில், ஒருவர் உட்காரும் இடத்தில் இருவராக நெருக்கி உட்கார வைத்தார். இடப்பக்கத்து ஸ்பிரிங் பெருமூச்சு விட்டது.

"இப்போ எப்படிப் பிரிச்சுப் பாக்குறாருன்னு பாப்போம்" என்றார், சுவரைப் பார்த்து. "தனியா யாரும் வர்றதா இல்ல."

கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, காலியாக இருந்த இடப்பக்கத்தில், ஸ்பிரிங் ஒரு தரம் முனகியது.

உட்கார்ந்தால் வரும் சத்தம் அது. அவர் காது அதில் தப்பாது.

அந்த அம்மாள் அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க" என்றாள், மூச்சாக.

"தெரியும். டிவிய போடு. விட்ட இடத்துலேர்ந்து சொல்லு. பாதிப் படத்துல யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

"படம் முடிஞ்சா?"

"அடுத்த படம் போடு."

டிவி உயிர்பெற்றது. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "அவ கதவைத் திறக்கிறா. வெளிய மழை. தெருவுல யாரும் இல்ல." பழைய ரயில் நிலையக் குரல் திரும்பிவிட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள், மூன்று பேருக்கும் கேட்கும்படியாக.