புதன்கிழமை ஹாக்கி

பிசியோதெரபி தொழிலில் எங்கே வலிக்கிறது என்பதைத் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். எப்படி அடிபட்டது என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரிடம் பொய் சொல்லிப் பழகிய உங்களுக்குத் தெரியாததா!

மணிக்கட்டு

ஸ்ரீபெரும்புதூரில் என் கிளினிக். பென்னலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் தரையில் கம்பெனிப் பையன்கள் ஞாயிறுதோறும் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுவார்கள். தலைக்கு ஹெல்மெட், முட்டிக்கு பேட் எல்லாம் உண்டு. விழும்போது கையை ஊன்றிவிடுவார்கள், மணிக்கட்டு போய்விடும். திருநெல்வேலியிலிருந்து கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்யக் கான்ட்ராக்டில் வந்திருந்த சுடலைமுத்து அப்படித்தான் வந்தான். மூன்று வாரம் கையை அசைக்காதே என்றேன். அவன் முகம் செத்துவிட்டது.

“லைன்ல கை இல்லாம என்ன செய்ய சார்? அடுத்த தடவ கால ஒடிச்சுக்கிடுதேன். அதுக்காவது ஸ்டூல் தருவாவ.”

தொடை இடுக்கு

சக்கரத்தில் காலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஓடினால் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொள்ளும். கோல்கீப்பர் தனசேகர் உள்ளூர்க்காரன். சுடலைமுத்து வேலை செய்யும் அதே லைன். காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். விளையாடி அடிபட்டால் அங்கே மெமோ. சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“இன்னா சொல்றது சார், மூலம்னு சொல்லிக்கினு கீறேன். மூலத்துக்கு எவனும் மெமோ குடுக்க மாட்டான்.”

விரல்

பிறகொரு நாள் சுடலைமுத்துவை அந்த சூப்பர்வைசரே கூட்டிவந்தார். வலது கையில் இரண்டு விரல் நுனி இல்லை. தையல் பிரித்தாகிவிட்டது, மீதி விரலை மடக்கப் பழக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள், “ஹாக்கி ஆடும்போது பட்டது” என்றார். ஆட்டத்துக்கு மெமோ கொடுக்கிற மனிதர்! என்றைக்கு என்றேன். புதன்கிழமை என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்தார்.

அந்தத் தரையில் மணிக்கட்டு போகும், தொடை பிடிக்கும், தாடை கிழியும். விரல் நசுங்கி நான் பார்த்ததில்லை. அவர் டீ குடிக்கப் போனதும், “மெஷினில் பட்டதென்றால் நஷ்டஈடு உண்டுடா, வாயைத் திறந்து சொல்” என்றேன். அவன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஹாக்கின்னே இருக்கட்டும் சார். மெஷின்னு சொன்னா நாளைக்குக் கம்பெனி கேட்டுக்குள்ள விட மாட்டாவ. இனி மட்டை பிடிக்க முடியாதுல்லா, பழியாவது அது மேல கிடக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற அந்த ஹாக்கிதான், எங்கள் வட்டாரத்தில் வார நாட்களிலும் விரலைக் காவு வாங்குகிற ஒரே விளையாட்டு.