ஜாம்பி வரும் வாசல்

ஜாம்பி படம் என்றால் என் அண்ணனுக்கு உயிர். ஞாயிறு மதியம் டிவியில் தமிழில் டப் செய்து எந்தக் குப்பையைப் போட்டாலும் சோற்றுத் தட்டோடு முன்னால் உட்கார்ந்துவிடுவான். செத்தவர்கள் எழுந்து தள்ளாடி வருவார்கள். வீட்டிலிருப்பவர்கள் அலறிக்கொண்டு கதவுக்கு மேசையை முட்டுக் கொடுப்பார்கள்.

விசைப்படகில் பத்து நாள் கிடந்துவிட்டு முகத்துவாரக்குப்பத்துக்கு வரும்போது அவனுக்குத் தரையில் கால் நிற்காது, ஆடும். அதையே சாக்காக வைத்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்தே ஜாம்பியாக வருவான்.

“கதவ மூடிக்க மே, கடிச்சிடுவேன்.”

“மொதல்ல போய்க் குளி. கலீஜா நாறுது” என்று நானும் கதவைச் சாத்துவேன். எத்தனை முறை சாத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன வருடம் நடுக்கடலில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். அவன் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்கு எங்கள் வீட்டில் வைக்கோலில் ஆள் செய்து, அவன் சட்டையை மாட்டிக் கொளுத்திக் காரியம் முடிப்பார்கள். அதன்பிறகு அவனே வந்து நின்றாலும் வாசல் வழியாக உள்ளே விடக்கூடாதாம். எட்டு மாதம் தள்ளிப்போட்டோம். அத்தைதான் விடவில்லை.

“எத்தினி நாளு இப்டியே குந்திகினு இருப்பீங்கோ? அவனும் எங்கியும் போவ முடியாம அலஞ்சிகினு கீறான்” என்றாள்.

காரியத்தன்று அவனுடைய நீலச் சட்டையை என்னிடம் கேட்டாள். காணோம் என்று பொய் சொல்லிவிட்டு ஒரு கிழிந்த சட்டையை எடுத்துக் கொடுத்தேன். நீலச் சட்டை என் துணிகளுக்கு அடியில் இருந்தது. நனைந்து வருகிறவனுக்கு மாற்றுத் துணி வேண்டாமா?

அடுத்து அவன் செருப்பைக் கேட்டாள்.

“எங்கியோ தொலஞ்சி போச்சி அத்தே” என்றாள் அண்ணி.

அன்று காலையில்தான் அவள் அதைத் துடைத்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்ததைப் பார்த்திருந்தேன். கிழிந்த சட்டையோடு வைக்கோல் எரிந்து முடிந்தது.

ஞாயிறு மதியங்களில் அந்தப் படங்கள் இன்னும் ஓடுகின்றன. எங்களுக்கு ஒரு பயமும் இல்லை. கதவுக்கு மேசையை முட்டுக் கொடுக்கும் இடம் வந்தால் மட்டும் அண்ணி எழுந்துபோய் எங்கள் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவாள்.