என் கையா, வண்டியா?

போன வருடம் கார்த்திகை மழை விட்டிருந்த சமயம். ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் போகும் வழியில் தார் எது, பள்ளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு ஹாலோபிளாக் கல் வியாபாரம். ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. அதற்கு முதலாளியும் நானே, டிரைவரும் நானே.

அன்று காலை ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. நான் திருப்பவில்லை. திருப்பவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் அதே வெட்டு. மேடு பள்ளம் எது வந்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்கு ஒரு முழம் நகர்ந்தது.

எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். சக்கரங்களைத் திருப்பும் டை ராடு கம்பியின் முனைகளை மாற்றினார், சக்கரங்கள் நேராக நிற்க அலைன்மென்ட் பார்த்தார், பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒடம்பு நல்லா கீதாண்ணா?"

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்தது. என் அப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தது. கடைசியில் சட்டைப் பித்தானைக்கூட அவரால் போட முடியவில்லை. ஆரம்பித்தது ஏறக்குறைய என் வயதில்தான். வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு எங்கே? நிறையப் படிக்கிறவனுக்கு ஒரு தண்டனை உண்டு. எந்த நோயைப் பற்றிப் படித்தாலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி அவனுக்குப் பொருந்திவிடும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டிப் பார்ப்பேன். நீட்டிக்கொண்டே இருந்தால் பயில்வான் கையும் நடுங்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. கை போனால் வண்டி போகும், வண்டி போனால் பிழைப்பு போகும்.

ஊர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தது. பாண்டிச்சேரிப் பக்கம் ஒருவன் வண்டி கோணலாகப் போனால் என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார்கள், எந்தக் கடை என்றுதான் கேட்பார்கள். டீக்கடையில் ஒருவர், காலையிலேயே வேண்டாமே என்று பரிவோடு புத்தி சொன்னார். ஆயுளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தேன். குடித்தவர்களும் அதே சத்தியத்தைத்தான் செய்கிறார்கள் என்பதால் அது எடுபடவில்லை.

ஒருநாள் பாகூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும் என்று மனைவி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேகத்தடையும் கண்ணில் படும்போதே எனக்கு வியர்த்தது. ஏரிக்கரை ஓரம் எதிரே மொபெட்டில் ஒரு பெண், முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பள்ளம். சக்கரம் அதில் விழுந்து எழுந்ததும் வண்டி நேராக அவள் மேல் பாய்ந்தது. எப்படி ஒடித்தேனோ தெரியாது. மொபெட்டின் கண்ணாடி எங்கள் கதவை உரசிக்கொண்டு போனது.

அந்தப் பெண் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். "பொண்டாட்டிய பக்கத்துல வச்சிக்கினே குடிச்சிட்டு ஓட்றியே, நீயெல்லாம் மனுசனா?"

"அவரு குடிக்க மாட்டாரும்மா" என்று என் மனைவிதான் சொன்னாள். அந்தப் பெண் போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஒடம்புக்கு இன்னாங்க?"

கை, அப்பா, பயம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அழவில்லை. திரும்பி மெக்கானிக்கிடம் போகலாம் என்றாள். டாக்டரிடம் அல்லவா போகவேண்டும் என்றேன்.

"மொதல்ல வண்டியக் காட்டுவோம். அது பொய் சொல்லாது."

இந்த முறை பைபாஸ் வேண்டாம், பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள் என்று மெக்கானிக்கிடம் அவளே சொன்னாள். போனவர் உடனே திரும்பி வந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முன்பக்கத்தை அழுத்த ஒரு கனமான பொருளைத் தேடினார். அவர் கண் என் தொப்பையில் வந்து நின்றது.

முன் பம்பரில் ஏறிக் குதித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் உள்ளே ஸ்டியரிங் அசைந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுவா திரும்புது."

அந்த 'அதுவா'வை இன்னொரு முறை கேட்பதற்காகவே மேலும் கொஞ்சம் குதித்தேன்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முன்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரும்புப் பட்டை போட்ட புண்ணியவான் யார் என்று கேட்டார். நான்தான். மழையில் ஓட்டமில்லாமல் வண்டி நின்றிருந்த நாட்களில், அதன் அடிவயிறு தரையில் தட்டுகிறதே என்று வேறொரு பட்டறையில் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்திருந்தேன். வண்டியின் மூக்கு உயர்ந்து கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அதனால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு, படுத்த வாக்கில் இருக்கவேண்டியது, ஏணி மாதிரி சாய்ந்துவிட்டது. சக்கரம் மேலே எழும்பும்போதெல்லாம் அந்த ராடு அதைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. சமமான பைபாஸில் சக்கரத்துக்கு எழும்ப வேலையே இல்லை. அதனால்தான் அங்கே எந்தக் குற்றமும் தெரியவில்லை.

பட்டைகளைக் கழற்றினார். ராடு படுத்தது. மறுபடி குதித்தேன். ஸ்டியரிங் அசையவில்லை. வீடு வரைக்கும் ஒரு வேகத்தடை விடாமல் ஏறி இறங்கினேன்.

சாயங்காலம் காபி விளிம்பு வரை தளும்பி வந்தது. என்ன இன்றைக்கு இவ்வளவு தாராளம் என்று கேட்டேன்.

"இத்தினி நாளா பாதிதான ஊத்திக்கினு இருந்தேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "கை ஆடி மேல கொட்டிக்கினா சங்கடப்படுவீங்களேன்னு."

எனக்குத் தெரியாமல் அவள் எத்தனை நாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளோ. பயத்தை ஒளித்து வைத்தால் வீட்டில் ஒருவராவது நிம்மதியாக இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் தனித்தனியாக அதே பயத்தைச் சுமந்துகொண்டிருந்தோம்.