ஜெப்சன் மூட நினைத்த கிணறு

எங்கள் தெருவில் மனவலிமைக்கு மொத்தக் குத்தகைதாரர் ஜெப்சன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர் வேலை போய் ஊர் திரும்பி, இரண்டு வருடம் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பிறகு ஏதோ வீடியோ பார்த்து எழுந்தார். எழுந்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஊரை எழுப்பக் கிளம்பிவிட்டார்.

"தெனமும் சின்னச் சின்னப் பழக்கம். அதுதான் மனசுக்குக் கம்பி கெட்டி காங்கிரீட் போடுதது" என்பார். விடிந்ததும் பச்சைத் தண்ணீர்க் குளியல், படுக்கையைத் தானே மடிப்பது, கோபம் வந்தால் மூச்சை எண்ணுவது. ஒவ்வொன்றுக்கும் போனில் மணி அடிக்கும். அடிக்காவிட்டால் பல் தேய்ப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். சபை வாலிபர் கூட்டத்தில் பேசுவார். சிதறால் மலையில் ஏறிக் கையை விரித்து நின்று படம் போடுவார்.

அவர் மனைவி ஜெனிலாவுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. அந்த இரண்டு வருடமும் வீட்டில் அடுப்பெரிந்தது அவளால்தான். அவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் மோட்டார் இருக்க, விடிகாலையில் பின்முற்றத்துக் கிணற்றில் கயிறு போட்டு நாலு வாளி தண்ணீர் கோருவாள். உனக்கென்ன பைத்தியமா என்று பக்கத்து வீட்டு நேசபாய் கேட்டாள்.

"இவரு கட்டில விட்டு எழும்பாம கெடந்த நாளுல, நாலு வாளி வெள்ளம் கோருன பொறவுதான் எனக்குப் பெலம் வந்துது, அக்கா" என்றாள் ஜெனிலா.

அந்தக் கிணற்றைத்தான் ஜெப்சன் மூடப் பார்த்தார். மண் நிரப்பி, மேலே மனவலிமைப் பயிற்சி ஹால் கட்டப் போகிறாராம். ஜேசிபிக்கும் சொல்லியாயிற்று.

"எனக்க கிணத்த மூடாதீங்க. ஹால மாடியில கெட்டுங்க."

"ஏட்டி, மாற்றத்துக்குப் பயப்படப்பிடாது. அதுதான் மனவலிமை."

மறுநாள் காலை அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை நேசபாய் பார்த்திருக்கிறாள்.

ஜேசிபி வரவேண்டிய வாரம் புயல் வந்தது. ரப்பர் மரங்கள் கம்பிகளின்மேல் சாய்ந்து மின்சாரம் போயிற்று. டேங்குகள் காலி, குழாயில் காற்று. ஜெப்சனின் போன் செத்தது. கூடவே பழக்கங்களும் செத்தன. பச்சைத் தண்ணீர் வீரர் குளிக்காமல், மடிக்காத படுக்கையில் குப்புறக் கிடந்து வானத்தைத் திட்டினார். மூச்சை எண்ணியதாகத் தெரியவில்லை.

தெருவில் மற்ற கிணறுகளை எல்லாரும் எப்போதோ மூடிவிட்டோம். ஆகவே குடமும் கையுமாக ஜெனிலா வீட்டுப் பின்முற்றத்தில் போய் நின்றோம். இருந்தது ஒரே வாளி, ஒரே கயிறு. தினமும் முதல் வேலையாகக் கயிற்றின் வாலைக் கிணற்றுத் தூணில் கட்டிவிட்டு அவள் கோரத் தொடங்குவாள். முகம் சுளிக்காமல் ஊற்றினாள்.

கூட்டத்தைக் கண்டதும் ஜெப்சனுக்கு உயிர் வந்தது. காரில் சார்ஜ் ஏற்றிய போனை என்னிடம் நீட்டி, "வீடியோ எடு மக்கா" என்றார். வாளியை வாங்கினார். தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறதாம்.

"அத அவுக்காதீங்க" என்றாள் ஜெனிலா.

"நண்பர்களே, சின்னச் சின்னப் பழக்கம்..." என்று போனைப் பார்த்துக்கொண்டே வாளியை விட்டவர், பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் விரித்தார். வாளி போயிற்று. பின்னாலேயே கயிறும் போயிற்று.

நேசபாய் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாதாளக்கரண்டியைத் தேடி எடுத்து வந்தாள். துணி காயப்போடும் கயிற்றில் அந்தக் கொக்கிக் கொத்தைக் கட்டி, ஜெனிலா கிணற்றுக்குள் துழாவினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தூண் நிற்கும் இடம் சரியில்லை என்று ஜெப்சன் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வாளி மேலே வந்தது.

ஜெனிலா கயிற்று வாலை மறுபடி தூணில் கட்டினாள். வாளி நிறையக் கோரி அவர் காலடியில் வைத்தாள்.

"குளிங்க. பச்சவெள்ளம்தான்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தலையில் ஊற்றிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார்.

"ஜேசிபிக்காரன்கிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?" என்று கேட்டபடி அடுத்த வாளியை விட்டாள்.

"நீயே சொல்லு" என்றார் ஜெப்சன். வீடியோவை நான் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.