பழுப்பு வேங்கையின் கால்களை வரைந்தவர்

சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திருமதி செந்தாமரை அவர்களின் கணவர் முருகேசன். "சார், தாமரை போய்ட்டா சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறதுக்குள்ள..." என்று சொல்லி அழுதார். கூடையைக் கீழே வைத்தேன். "இன்னா சார், காய் புடிக்கலியா?" என்று கடைக்கார அம்மா கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செந்தாமரை அவர்கள் நெய்வேலியில் எங்கள் அலுவலக வரைபடப் பிரிவில் டிரேசர். சுரங்க வரைபடங்களை மெல்லிய தாளில் மையால் பிரதி எடுக்கும் வேலை. நான் அங்கே உதவிப் பொறியாளர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன், கதை எழுதும் கிறுக்கு உள்ளவன். எங்கள் நகரிய வாசகர் மன்றம் மூன்று மாதத்துக்கு ஒரு இதழ் போடும். அதில் வந்த "பழுப்பு வேங்கை" படக்கதையைப் படிக்காத குவார்ட்டர்ஸ் வீடு அந்நாளில் அநேகமாக இல்லை. கதை நான், படம் அவர்.

தலையில் ஹெல்மெட், முகம் முழுக்க முகமூடி, உடம்பெல்லாம் நெய்வேலி நிலக்கரியின் பழுப்பு. சுரங்கத்துக்கு அடியில் ஓடும் ஊற்றுநீர் எங்கே பொங்கப் போகிறது என்பதை வெறும் உள்ளங்காலால் உணர்ந்துவிடும் வீரன். சுரங்கத்தில் ஆபத்து என்றால் இன்ஜினியர் ரவிச்சந்திரன் காணாமல் போவார், வேங்கை பாய்ந்து வரும். ரவிச்சந்திரன் வேறு யாருமில்லை, நான்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்காதா?

முதல் கதையைப் படித்ததுமே செந்தாமரை சிரித்தார். "வெறுங்கால்ல மைன்ஸுக்குப் போனா கேட்லியே திருப்பி அனுப்பிடுவாங்க சார்."

"வீரனை எந்த செக்யூரிட்டிம்மா தடுப்பான்? நீங்க வரைங்க."

வரைந்தார். பகலெல்லாம் அலுவலகத்தில் கோடு போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வரைந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூடத் தாமதமில்லை. தாமதம் எல்லாம் என் பக்கம்தான். "கதை வருமா சார், இல்ல வேங்கைய லீவுல அனுப்பிடலாமா?" என்று என் மேசை முன்னால் வந்து நிற்பார். அவர் கேலிக்குப் பயந்துதான் நான் ஒழுங்காக எழுதினேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது ஒருநாள், டீ டம்ளரை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், அடுத்த இதழ்ல வேங்கை முகமூடிய கழட்டணும்."

"கழட்டட்டும். ரவிச்சந்திரன்னு ஊருக்கே தெரியட்டும்."

"ரவிச்சந்திரன் இல்ல சார். அஞ்சலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில கரி கூட்டுற கான்ட்ராக்ட் பொம்பள. ஆரம்பத்துலேர்ந்தே அவதான்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டீ ஆறிப்போகும்வரை கத்தினேன். பெண் வீராங்கனை வேண்டுமென்றால் புதிதாக ஒருத்தியைப் படைப்போம், பேர் வைப்போம், தனியாகப் பக்கம் ஒதுக்குவோம்; இருக்கிறவனை ஏன் மாற்ற வேண்டும்? வாசகர்களை ஏமாற்றுவதாகாதா? அவர் நான் ஓயும்வரை காத்திருந்தார்.

"புதுசா ஒருத்தி வந்தா, வேங்கைக்குத் தொணைக்கு வந்தவன்னுதான் சார் சொல்லுவாங்க. எத்தினி கதைல வந்தாலும் தொணைதான்."

"அப்போ இத்தனை வருஷம் நான் எழுதினது? இன்ஜினியர்தான் வேங்கைன்னு..."

"எங்க எழுதனீங்க? 'இன்ஜினியர் அங்கே இல்லை, அடுத்த நொடி வேங்கை பாய்ந்தது'ன்னுதான எழுதனீங்க? ஆபத்துன்னதும் ஆளு ஓடிப் போயிருப்பாரு. கடைசிக் கட்டத்துல எஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோட டீ குடிச்சிகினு நிப்பாரு. நான்தான வரைஞ்சேன்?"

பக்கத்து மேசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முடியாது என்றேன். அவரும் முடியாது என்றார், அஞ்சலை இல்லாமல் இனி வேங்கையை வரைய முடியாது என்று. அடுத்த இதழ் படக்கதை இல்லாமல் வெளிவந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். கேன்டீனில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "வேங்கை செத்துப்போச்சா சார்?" என்று துக்கம் விசாரித்தார்கள். செந்தாமரை மட்டும் வழக்கம்போல வணக்கம் சொல்லி, வழக்கம்போலக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து நானே போய்க் கேட்டேன். "என்னதாம்மா உங்க பிடிவாதம்?"

"வூட்டுல பழைய இதழு இருக்குதுல்ல சார்? காலைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

முதல் இதழ் தொடங்கி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் கதை, முதல் பாய்ச்சல். வேங்கையின் கால் இரண்டாம் விரலில் மெல்லிசாக இரண்டு கோடு. நிழல் என்று நினைத்திருந்தேன். அடுத்த கதையிலும் அதே கோடு. மழையில், சேற்றில், சாய்ந்த கன்வேயர் மேல், எங்கே வேங்கை கால் பதித்தாலும் அந்தக் கோடு இருந்தது. மெட்டி! கால்தான் இந்த வீரனின் பலம் என்று நூறு தடவை எழுதிய நான், ஒரு தடவைகூட அந்தக் காலைப் பார்க்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மறுநாள் போய், "அந்தக் காலத்துல ஆம்பளைங்களும் மெட்டி போட்டிருக்காங்கம்மா" என்றேன்.

"அப்ப நாளைக்கு நீங்களும் போட்டுகினு வாங்க சார்" என்றார்.

சிரித்து முடித்தபிறகுதான் சொன்னார். "எங்கம்மா காலு சார் அது. வேற காலு எனக்கு வரைய வரல. எங்க நெலத்துல அம்மா வெறுங்கால வச்சே, இங்க தோண்டு தண்ணி வரும்னு சொல்லும். ஊரே மைன்ஸா ஆனப்பறம் அங்கியே கரி கூட்டப் போச்சு. எந்த எடத்துல ஊத்து இருக்குதுன்னு அதுக்குத் தெரியும். ஆனா அதுகிட்ட யாரு கேக்கப்போறா? நீங்க சேர்ந்த புதுசுல ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னனே, மறந்துட்டீங்க."

மறந்துதான் போயிருந்தேன். அந்த உள்ளங்கால் என் கற்பனை என்று அவ்வளவு காலம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா பேரு?" என்று கேட்டேன். "அஞ்சலை" என்றார்.

அன்றே எழுதினேன். அடுத்த இதழில் வேங்கை முகமூடியைக் கழற்றினாள். வசவுக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. "எங்க வேங்கையைப் பொம்பளை ஆக்கிட்டீங்களே, நியாயமா?" என்று ஒருவர் அலுவலகத்துக்கே சண்டைக்கு வந்தார். செந்தாமரை அவருக்கு நாற்காலி போட்டு, முதல் இதழைக் கையில் கொடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு இதழ்களைப் புரட்டிய மனிதர், "அடப்பாவி, நானும் பார்க்கலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அந்த இதழிலிருந்து பிரதிகள் கன்வேயர் பக்கத்தில் கரி கூட்டும் பெண்களின் ஓய்வு ஷெட்டில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. அதைக் கேள்விப்பட்டபோது செந்தாமரை முகத்தில் பார்த்த மகிழ்ச்சியை வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற அன்று மட்டும் கேட்டேன். வேங்கையின் முகத்தை ஏன் முதலிலிருந்தே முழுசாக மூடினீர்கள்? "மூக்கு உங்க மூக்கா வந்துகினு இருந்துது சார். நீங்க உங்களத்தான் எழுதறீங்கன்னு எனக்குத் தெரியாதா? பார்க்க சகிக்கல, மூடிட்டேன்."

வடலூர் சாலையில் இருக்கும் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. காலை ஷிப்ட் முடித்த கான்ட்ராக்ட் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், குளிக்காமல் கொள்ளாமல் நேராக வந்திருந்தார்கள். வாசலில் கரிபடிந்த பூட்ஸுகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். "எங்களப் படத்துல போட்ட அம்மா சார்" என்று ஒரு பெண் என்னிடம் சொல்லி அழுதார். அவர்கள் காலடி பட்ட இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் பழுப்பாகத் தடம் விழுந்தது. முருகேசனின் தங்கை துடைக்கத் துணி எடுத்து வந்தார். "இருக்கட்டும்மா, இன்னிக்கு மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

கொண்டுபோயிருந்த முதல் இதழை அவர் காலடியில் வைத்தேன். இந்தத் தடவை அவர் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். செந்தாமரை, அந்த மூக்கு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் அம்மா. போய் வாருங்கள்.