புள்ளி வைக்காத லென்ஸ்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் மில்லி. "ஒரு மில்லி தப்பினாலும் வேலை போச்சு" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பட்டம். கைவேலையில் கெட்டிக்காரன்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

சிலருடைய கண்ணுக்குப் பவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பவர் எந்தச் சாய்வில் உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லென்ஸை மீட்டரில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மையால் மூன்று புள்ளி வைத்த பிறகுதான் வெட்டவே தொடங்குவார்கள். ஃப்ரேமில் மாட்டியதும் மறுபடி ஒரு பார்வை. கடை வேலையில் மில்லி இதைத் தவறவிட்டதே இல்லை. "சம்பளம் வாங்குற வேலை நம்மள நம்பி ஒப்படைச்ச அமானிதம் மொதலாளி. அதுல ஏமாத்தினா மறுமையில பதில் சொல்லணும்" என்பான். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பள்ளிவாசல் இளைஞர்கள் ஒன்றுகூடி, இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுப்பதென்று கிளம்பினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கைச்செலவை மிச்சம் பிடித்து லென்ஸும் ஃப்ரேமும் வாங்கினார்கள். கண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்துச் சீட்டு எழுதித் தந்தார். "என்கிட்ட காசு இல்லடா, என் உழைப்புதான் என் சதகா, என் தர்மம்" என்றான் மில்லி. விடுமுறை நாட்களில் மெஷினைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளியும் சம்மதித்தார். கண்ணாடிகளைக் கொடுத்த அன்று பள்ளிவாசல் முற்றத்தில் வரிசை வாசல்வரை நின்றது. வாங்கியவர்கள் எல்லாம் அவன் தலையில் கைவைத்து துஆ செய்தார்கள். வீட்டுக்குப் போகும்போது அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்த வரிசையில் நின்ற தையல்கார அக்கா கடைக்கு வந்தாள். வீட்டிலிருந்தபடியே பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்துப் பிழைப்பவள். கண்ணாடியைத் துணியில் சுற்றி, சீட்டோடு சேர்த்து மேசைமேல் வைத்தாள்.

"இத வேற யாருக்காவது குடுத்துடு தம்பி. எனக்கு ஒத்துக்கல. சும்மா வீட்டுல கிடந்து என்ன பிரயோஜனம்?"

"ஏங்க்கா, என்ன பண்ணுது?"

"கண்ணாடியக் குறை சொல்லலப்பா. என் கண்ணுதான் கெட்டுப்போச்சு. போட்டா மண்டை இடிக்குது. நான் நேராத்தான் தைக்கிறேன், பாக்கெட்டு கோணலா இருக்குன்னு துணி குடுக்குற கடைக்காரர் திருப்பி அனுப்புறாரு. போன வாரம் இனிமே துணி தர மாட்டேன்னுட்டாரு. அவரச் சொல்லி என்ன செய்ய, அவருக்கும் யாவாரம்."

"முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேக்கா?"

"ஓசியா குடுத்ததுல நொட்டை சொல்லுவாங்களா? பாவம், லீவு நாள்லகூட உக்காந்து செஞ்சிருக்கே."

மில்லி கண்ணாடியை மீட்டரில் வைத்துப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். திரும்பவும் மீட்டரைப் பார்த்தான். சாய்வு எங்கோ கிடந்தது. ஒரு கண்ணில் மட்டுமல்ல, இரண்டிலும்.

அவனுக்கு முகம் எரிந்தது. அந்த விடுமுறை நாட்களில் அவன் ஒரு லென்ஸுக்காவது புள்ளி வைத்திருந்தால்தானே! எல்லாம் கண்மதிப்பு. யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. சீக்கிரம் முடித்தால் இன்னும் சிலருக்குச் சேர்த்து வெட்டலாம், பள்ளிவாசலில் கணக்குச் சொல்லும்போது பெரிதாக இருக்கும் என்ற ஆசை வேறு. கடைக்கு வருகிறவர் மறுநாளே வந்து சத்தம் போடுவார் என்று தெரியும், அதனால் அவருக்கு மூன்று புள்ளி. வாடிக்கையாளருக்குப் பயந்த அளவில் பாதிகூடப் படைத்தவனுக்குப் பயப்படவில்லையே என்று நினைத்தபோது வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தான் வாங்கக் கூசுவதைத் தர்மம் செய்யாதே என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கிழிந்த சட்டையையும் ஊசிப்போன சோற்றையும் சொல்கிறார் என்றுதான் அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்கக்கா, கொஞ்சம் சரிபண்ணித் தரேன்" என்று மட்டும் சொன்னான். பார்த்தீர்களா, அப்போதும் உண்மை வாயில் வரவில்லை. முதலாளியிடம் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் புது லென்ஸ் எடுத்தான். புள்ளி வைத்தான், வெட்டினான், மாட்டினான், மறுபடி பார்த்தான்.

அக்கா போட்டுப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கதவு நிலையைக் கையால் தடவினாள்.

"அட, நேரா இருக்கே! உன் கையில பரக்கத் இருக்கு தம்பி. அல்லாஹ் உனக்கு..." என்று துஆவுக்குக் கை ஏந்தினாள்.

அதை அவனால் தாங்க முடியவில்லை. "வேணாம்க்கா. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது. இலவசம்தானேன்னு ஒழுங்கா பாக்காம வெட்டிட்டேன்."

ஏந்திய கை மெதுவாக இறங்கியது. அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன்பா. கையும் போச்சு கண்ணும் போச்சுன்னு அழுதேன்" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "அன்னைக்கு என்கூட வரிசையில நின்னவங்களுக்கெல்லாம்கூட நீதானே வெட்டின?"

அன்று மாலையே இளைஞர்களின் தலைவனிடம் போய்ச் சொன்னான். தலைவன் அவன் பெரியம்மா மகன்தான்.

"வாயத் தொறந்துடாதே" என்றான் தலைவன். "பசங்க முதல் தடவையா ஆசையா குடுத்திருக்கானுங்க. இது வெளிய வந்தா இனிமே ஒருத்தனும் கைய நீட்ட மாட்டான். மறுபடி ஒரு கேம்ப் போட்டு நைசா மாத்திடலாம்."

"அதுவரைக்கும் அவங்க தங்க கண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்கண்ணே."

தலைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மில்லி ஹஜ்ரத்திடம் அனுமதி கேட்டு மைக்கைப் பிடித்தான். கைச்செலவைக் கொடுத்த பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அவனையே பார்த்தார்கள்.

"இங்க கண்ணாடி வாங்கினவங்க எல்லாரும் தயவுசெஞ்சு கடைக்குக் கொண்டாங்க. நான் சரியா வெட்டல. சோம்பேறித்தனம்தான், வேற ஒண்ணுமில்ல. உங்க கண்ணு மேல சந்தேகப்படாதீங்க."

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பல வருஷம் லாரி ஓட்டியவர், அந்தக் கண்ணாடி வாங்கிய பிறகு கண் போய்விட்டதென்று லாரியை விட்டுவிட்டு, இப்போது ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கோபமில்லாமல் கேட்டார்:

"அப்ப நான் வண்டிய விட்டிருக்க வேண்டியதில்லையா தம்பி?"