ஷார்ஜாவில் தெரிந்த ரோடு

எல்லாப் பெண்களுக்கும் புருஷன் பக்கத்தில் இருந்து தொல்லை கொடுப்பான். எனக்கு மேலே இருந்து கொடுத்தார். மேலே என்றதும் யாரும் பதற வேண்டாம், ஆள் குத்துக்கல்லாட்டம் இருந்தார். ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வானத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான இரண்டாம் மாதம் விசா வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவரைச் சபராளி என்போம். எங்கள் சொந்தத்தில் சபராளி மாப்பிள்ளை என்றால் கல்யாணம் அவரோடு, குடித்தனம் மாமியாரோடு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சித்திரை வெயிலில் வருவார், விருந்து விருந்தாகச் சாப்பிடுவார், வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்துபோய்த் திரும்புவார். பிள்ளை ஏன் இல்லை என்று ஊர் என்னைத்தான் கேட்டது. ஷார்ஜாவில் கேட்க வேண்டியதைத் தஞ்சாவூரில் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அப்போதுதான் கம்ப்யூட்டரில் அந்த உலகப்படம் வந்தது. பூமி உருண்டை சுற்றும். ஊர்ப்பேரை அடித்தால் விர்ரென்று இறங்கி நம் கூரைக்கு மேலே வந்து நிற்கும். வேலை முடிந்து எல்லோரும் ரூமுக்குப் போன பிறகும் இவர் ஆபீசில் உட்கார்ந்து தஞ்சாவூரில் இறங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் போன் செய்து, மொட்டைமாடியில் சிவப்புச் சேலை காய்கிறதே, புதுசா என்றார். என்னிடம் சிவப்புச் சேலையே கிடையாது என்றேன். அப்படியானால் அது யாருடையது என்று குரல் மாறிவிட்டது. ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் பார்த்தால் அது அவர் அம்மா, என் மாமி, காயப்போட்ட மிளகாய். அதுவும் போன வருஷத்து மிளகாய், அரைத்துத் தின்று தீர்த்தாகிவிட்டது. படம் எப்போதோ எடுத்தது என்று அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

தெரிந்து என்ன, திருந்தினாரா? சொந்தத்தில் யார் எங்கே கார் எடுத்துக்கொண்டு போனாலும் வழி சொல்வது அவர் பொறுப்பாகிவிட்டது. வேதாரண்யத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர்களிடம், மண்டபத்துக்குப் பின்னால் வெள்ளையாகப் பெரிய மைதானம் இருக்கிறது, வண்டியெல்லாம் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அது உப்பளம். மாப்பிள்ளை வீட்டார் வண்டி டயர் வரைக்கும் இறங்கிவிட்டது. பிரியாணி ஆறிப்போகும்வரை ஆட்கள் தள்ளினார்களாம். இவ்வளவுக்குப் பிறகும் சொந்தக்காரர்கள் அவரிடம்தான் வழி கேட்டார்கள். வெளிநாட்டுப் போனில் வருகிற தப்புக்கு ஒரு மரியாதை இருந்தது.

இந்த நிலையில் எனக்கு வேலை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தமிழ் படித்து, பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். பதிந்ததே மறந்துபோன காலத்தில் ஆணை வந்தது. மாயவரத்துக்கு இந்தப்புறம், காவிரிக்கு வடகரையில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. குறிப்பிட்ட தேதிக்குள், நண்பகலுக்கு முன் சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக என்று சொன்னால் பொய். காலையில் எழுந்து குளித்துக் கிளம்பிப்போக எனக்கு ஒரு இடம் வேண்டும். அந்த வீட்டில் நான் எந்த அறைக்குள் போனாலும் அங்கே ஏற்கனவே ஒரு ஏசியோ கிரைண்டரோ அட்டைப்பெட்டி பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. நானும் அந்த வரிசையில் ஒன்று மாதிரி இருந்தேன்.

அவரிடம் சொன்னேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். தினமும் அதையே சொன்னார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரையைப் பார்த்தார். அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குக் கோடு இழுத்து அளந்து பார்த்தார். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, அங்கே நீ எப்படித் தனியாகத் தங்குவாய் என்று இழுத்தார். இழுத்து இழுத்து, ஆணையில் போட்டிருந்த கடைசித் தேதிக்கு முந்தின நாள் மாலை கூப்பிட்டார்.

"சரி, போ. ஆனா நான் சொல்ற வழியிலதான் போகணும்."

மறுநாள் வாடகைக் கார் வந்தது. நான் முன்னால் உட்காரப் போனேன். மாமி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து, பின்னால் ஏறிக்கொண்டார். வேலைக்குப் போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. தடுக்க வருகிறாரா துணைக்கு வருகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கிற துணிச்சலும் இல்லை.

கும்பகோணம் தாண்டியதும் போன் வந்தது. அங்கே ஆபீஸ் திறந்துவிட்டது. போன் கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கவலைப்படாதே என்றார். மெயின் ரோட்டிலேயே போனால் சுற்று, நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறேன் என்றார். ஊரை ஒட்டி ஆற்றுக்கு மேலே எங்கேயும் பாலம் இருக்கிறதா என்று பார்க்கலாமென்றால் படத்தில் அந்த இடத்தில் ஒரு மேகம் நிற்கிறதாம். எத்தனை நாள் பார்த்தாலும் அந்த மேகம் நகரவே மாட்டேன் என்கிறதாம். சரிதான், அல்லாவே அந்த இடத்தை இவரிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

குத்தாலம் தாண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கினோம். அதற்கப்புறம் வழி முழுக்கக் கூரைகள். நடுவில் முற்றம் வைத்த ஓட்டுவீடு வரும், அதில் இடதுபக்கம் திரும்பு என்றார். தெருவில் போகிறவளுக்கு முற்றம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, உங்கள் வீட்டில் முற்றம் இருக்கிறதா என்று விசாரிக்கவா? அடுத்து, காலிபிளவர் மாதிரி ஒரு மரம் என்றார். அதன் பக்கத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தென்னைகள் என்றார். தென்னைக்குக் கீழே அடிமரம் என்று ஒன்று இருப்பதே அந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது.

டிரைவர் பட்டுக்கோட்டைக்காரர், இந்தப் பக்கம் பழக்கமில்லை. யாரையாவது நிறுத்திக் கேளுங்களேன் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பாய் வெளிநாட்டுலேருந்து பாத்துச் சொல்றாருங்க. இங்க நிக்கிறவனுக்கு என்னங்க தெரியப் போவுது?"

அந்த நம்பிக்கையில் எங்கள் கார் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் போய், மாட்டுக்காரரிடம் திட்டு வாங்கி, பின்பக்கமாகவே வெளியே வந்தது. மூங்கில் கொத்துகளுக்கு நடுவே மண்பாதையில் குதித்துக் குதித்து, பதினொன்று அடிக்கிற நேரத்துக்கு ஆற்றங்கரையில் ஏறி நின்றது. எதிர்க்கரையில் மரங்களுக்கு நடுவே ஓட்டுக்கட்டடமும் கொடிக்கம்பமும் தெரிந்தன. பள்ளிக்கூடம்தான். பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஏதோ வாய்ப்பாடு சொல்வதுகூடக் கேட்டது.

நடுவில் காவிரி ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, முந்தின ராத்திரிதான் அந்த ஊருக்குத் தண்ணீர் வந்திருந்தது. கலங்கலான புதுத்தண்ணீர். நுரையும் சருகும் அறுந்த செருப்பும் போய்க்கொண்டிருந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரும் இன்னும் சிலரும் வேலைவெட்டியை விட்டு அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

"எறங்கச் சொல்லு. மணல்ல நேரா ஓட்டிடலாம். டிராக்டர் போன தடம் வெள்ளைக் கோடா தெளிவாத் தெரியுது" என்றார் போனில்.

தண்ணீர் ஓடுகிறது என்றேன். இருக்காது என்றார். என் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது என்றேன். என் கண்ணுக்கு முன்னால் மணல்தான் இருக்கிறது, நீ வேறெங்கேயோ போய் நிற்கிறாய் என்றார். கொடிக்கம்பம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். அப்படியானால் சரியான இடம்தான், தண்ணீர் இருக்காது என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனிடம் நான் எதைச் சொல்லி ஜெயித்தேன், ஒரு ஆற்றைச் சொல்லி ஜெயிக்க? பின்னாலிருந்து மாமி கையை நீட்டி, போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"டேய், இது ஆறுடா. ஆத்துல தண்ணி வரும்டா."

அந்தப்பக்கம் "நெசமாவா அம்மா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அதோடு கார்டு தீர்ந்து லைன் அறுந்தது. மாமி போனை என் கையில் கொடுத்தார்.

"சேலையைத் தூக்கிச் செருவு. மணி ஆவுதுல்ல?"

புல்லுக்கட்டோடு நாலைந்து பெண்கள் அப்போது அக்கரையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொடையளவு இருந்தது. அவர்கள் வருகிற தடத்திலேயே நான் இறங்கினேன். சான்றிதழ் பையைத் தலையில் வைத்துக்கொண்டேன். செருப்பைக் கையில் பிடித்திருந்தேன், பாதி ஆற்றில் ஒன்று நழுவி நுரையோடு போய்விட்டது. காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டே போனது. பயமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வாயில் வந்த துஆவையெல்லாம் ஓதினேன். நடுநடுவே அவரையும் திட்டினேன்.

தலைமையாசிரியர் அறையில் போய் நின்றபோது என்னைச் சுற்றி ஒரு குளம். ஜன்னலில் பிள்ளைகள் கூட்டம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் இருந்தது. பிறகு என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆத்துல எறங்கியா வந்தீங்க? இங்கதானே கிட்டக்கப் பாலம் இருக்கு?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் கார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. சொட்டு நனையாமல் மாமி இறங்கினார். நான் ஆற்றில் இறங்கிய பிறகுதான் டிரைவருக்கு ஆடு மேய்க்கிறவரிடம் கேட்கத் தோன்றியிருக்கிறது. மேகம் நின்ற இடத்தில்தான் பாலம் இருந்திருக்கிறது. நல்ல அகலமான பாலம், லாரியே போகுமாம். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது? ஈரக்கையை மாமியின் துப்பட்டியில் துடைத்துவிட்டு, இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து, இங்கே டீச்சர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று தலைமையாசிரியரை விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமி எதற்கு வந்தார் என்று எனக்கு விளங்கியது.

வீடு திரும்பி, மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்த திட்டு அவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தது.

சேர்ந்துவிட்டாயா என்று கேட்டார். சேர்ந்துவிட்டேன், உங்கள் தயவு இல்லாமல் என்றேன். அதைக் காதில் வாங்காமல், தண்ணீர் கரையில் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். நுரை இருந்ததா, கலங்கலா, செத்தையெல்லாம் அடித்துக்கொண்டு வந்ததா என்று கேட்டார். பொண்டாட்டி முங்கிப்போனாளா இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள் என்று நான் ஆரம்பித்தேன்.

"நான் வர்றப்பல்லாம் ஆறு மணலாத்தான் கெடந்துச்சு. படத்துலயும் தெனம் அதையேதான் பாக்குறேன். பாத்துப் பாத்து அது அப்படித்தான்னு நெனச்சுட்டேன்" என்றார்.

நான் சேர்த்து வைத்திருந்ததில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. சம்பளம் எவ்வளவு என்று சொன்னார்களா என்றார். சொன்னேன். திர்ஹத்துக்கு மாற்றிக் கணக்குப் போடுவார், போட்டுவிட்டு, இதற்கா இந்தப் பாடு என்பார் என்று எதிர்பார்த்தேன். கணக்கு எதுவும் போடவில்லை. கார்டு தீர்ந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். லைன் இருந்தது.

"அப்ப நான் ஒரேயடியா வந்துடவா?" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. இடது வலது சொல்கிற குரல் இல்லை அது. இத்தனை நாள் பார்த்துச் சொல்கிறேன், பார்த்துச் சொல்கிறேன் என்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"போறப்ப என்னையக் கேட்டுட்டா போனீங்க? வர்றதுக்கு மட்டும் எதுக்குக் கேக்குறீங்க? வாங்க" என்றேன்.